வெளியே வந்த நேரம்

முப்பத்தொன்றாம் எண் தொட்டியின் பழைய ஆய்வுப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

காலியாக இருக்கக் கூடாத கட்டம் அது. 'உள்ளே இறங்கிய நேரம்' என்ற இடத்தில் 3.20 என்று அவன் கையெழுத்து இருந்தது. பக்கத்தில், 'வெளியே வந்த நேரம்' என்ற இடத்தில், 4.10 என்று அவன் எழுதியிருந்தான். எழுதியது நன்றாக நினைவிருந்தது. பதினோரு வருஷமாக அவன் மறக்கப் பார்த்து முடியாமல் போனது அந்த மூன்று எண்களைத்தான். இப்போது அந்த இடம் வெள்ளையாக இருந்தது. அழித்த தடம் இல்லை, மை கரைந்த கறை இல்லை. ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தான். விரலால் தடவினான். தாள் முழுக்கக் காய்ந்து மொறமொறவென்று இருக்க, அந்த ஒரு கட்டம் மட்டும் ஈரமாக இருந்தது, யாரோ நனைந்த கட்டைவிரலை வைத்து எடுத்த மாதிரி.

"என்ன சார், கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கறீங்களா? அந்தத் தாள்கட்டை இப்படித் தள்ளுங்க" என்றாள் எதிர் மேசையிலிருந்த பொறியாளர்.

நகராட்சியின் பதிவறையில் இரண்டு வாரமாக அவர்கள் இருவரும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஊரில் மழைநீருக்காக நிலத்தடியில் கட்டியிருக்கும் தொட்டிகள், குழாய்கள், மடைகள் எல்லாவற்றுக்கும் பழைய தாள்கள் இரும்பு அலமாரிகளில் அடைந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு தொட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, அது இருக்கும் இடம், துளையின் அளவு, கடைசியாகத் திறந்த தேதி, திறந்தவர் பெயர் என்று டேப்லெட்டில் ஏற்றவேண்டும். இனிமேல் ஆய்வுக்குப் போகிறவர் தொட்டிக்குள் எடுத்த படத்தைச் சேர்த்தால்தான் படிவம் முடியும். படம் இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆன அந்தப் பெண்ணுக்கு இதில் கல்யாண வீட்டுச் சந்தோஷம்.

"பூமிக்கு மேல இருக்கறத நூறு பேர் பாப்பாங்க சார். பாலம் விரிசல் விட்டா பஸ் டிரைவர் சொல்லுவார். கீழ இருக்கறத யாரு பாப்பா? இந்தத் தாள்தான் அதோட கண்ணு. தாள் பொய் சொன்னா, தொட்டி குருடு."

அவன் தலையாட்டினான். அவள் குனிந்திருந்த நேரம் பார்த்து, பேனாவை எடுத்துக் காலிக் கட்டத்தில் 4.10 என்று எழுதித் தாளை நீட்டினான். ஸ்கேனர் முனகிக்கொண்டே தாளை விழுங்கியது. பச்சை வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது. திரையைப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"இதுல வெளியே வந்த நேரமே எழுதலையே சார்."

எட்டிப் பார்த்தான். திரையிலும் அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது. வெளியே வந்த தாளிலும்.

"அப்ப விட்டுப்போயிருக்கும் மேடம்" என்றான்.

"அது போகட்டும், இதைப் பாருங்க." அவள் விரல் திரையில் கீழே இறங்கியது. "அதே தொட்டி, அடுத்த வருஷம், வண்டல் பதினாலு செண்டிமீட்டர். அதுக்கடுத்த வருஷம் பதினாலு. அப்புறம் பதினாலு. பதினோரு வருஷமா பதினாலு. வண்டல் வளராத தொட்டி சார் இது. டிக்கெட் போட்டுக் காட்டலாம்."

அவன் சிரிக்க முயன்றான். அவளோ விளக்க ஆரம்பித்துவிட்டாள். ரோட்டில் விழும் மழையெல்லாம் மணலையும் இலையையும் டயர் தூசியையும் இழுத்துக்கொண்டு தொட்டிக்கு வருகிறது. தொட்டியின் அடியில் கையகல ஓட்டை ஒன்றுதான். அதன் வழியாகத் தண்ணீர் மெதுவாகக் கால்வாய்க்குப் போகும். அப்படி மெதுவாகப் போவதால்தான் தாழ்வான தெருக்களில் வெள்ளம் ஏறுவதில்லை. தண்ணீர் தொட்டியில் நிற்கும் அந்தச் சில மணி நேரத்தில் மண் அடியில் தங்கும். தங்காமல் இருக்காது. வருஷத்துக்கு இரண்டு, மூன்று செண்டிமீட்டர் ஏறித்தான் ஆகவேண்டும். முப்பதைத் தொட்டால் ஓட்டை அடையத் தொடங்கும்.

இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? அவளுக்கு அந்த வேலை தெரிவதற்கு முன்பே தெரியும்.

"நாளைக்கு மத்தியானம் அதைத் திறந்துடலாம் சார். நீங்களும் நானும்."

*

ஆய்வுக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவர் இறங்குவார், ஒருவர் மேலே நிற்பார். இறங்கியவர் அளவுக் குச்சியை ஐந்து இடங்களில் ஊன்றி, ஒவ்வோர் இடத்திலும் வண்டலின் ஆழத்தைச் சத்தமாகச் சொல்லுவார். மேலே இருப்பவர் அதே எண்ணைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதவேண்டும். தப்பாகக் காதில் விழுந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். மேலே ஓர் ஆள் இருக்கிறான் என்று கீழே இருப்பவருக்கும், கீழே இருப்பவருக்கு மூச்சு இருக்கிறது என்று மேலே இருப்பவனுக்கும் அந்த ஒரு குரல்தான் கயிறு.

அப்போதெல்லாம் இறங்கியவர் நெட்டையண்ணன். ஆறடிக்கு மேல் உயரம். செருப்புக் கடையில் அவர் காலுக்கு ஜோடி கிடைக்காது, தனியாகச் செய்யச் சொல்லித்தான் வாங்குவார். "கப்பல் ரெண்டு கரைக்கு வந்தாச்சு" என்று அவர் கழற்றி விடும் ரப்பர் பூட்ஸைப் பார்த்து ஆபீஸே சிரிக்கும். அவரும் சிரிப்பார். தொட்டிக்குள்ளிருந்து அவர் கூப்பிடும் தொனி ஒரே மாதிரி இருக்கும். "எழுதிக்கோ தம்பி. பதினொண்ணு." இவன் மேலிருந்து, "பதினொண்ணு." கொஞ்ச நேரம் தண்ணீர் சலசலக்கும். "எழுதிக்கோ தம்பி. பதினாலு."

ஆபீஸில் ஒரு பழக்கம் இருந்தது. மழை நாளில் தாள் நனைந்துவிடும் என்று, வேலை தொடங்கும்போதே படிவத்தின் பாதியை எழுதி வைத்துவிடுவார்கள். இறங்கிய நேரத்தோடு சேர்த்து, குத்துமதிப்பாக ஐம்பது நிமிஷம் கூட்டி, வெளியே வந்த நேரத்தையும். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவனும் செய்தான். 3.20. 4.10.

அன்றைக்கு மூன்றாவது அளவு வந்தபோது பெரிய துளியொன்று தாளில் விழுந்தது. தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடத்தின் கூரைக்கு ஓடினான். ரெண்டு நிமிஷம் என்று நினைத்தான். மழை திரை போல இறங்கியது. ரெண்டு நிமிஷம் இருபது ஆனது. ஓடிப் போய்க் குரல் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், முழுக்க நனைந்துவிடுவோம் என்று நின்றான். புதுச் சட்டை. அவ்வளவுதான் காரணம். மழைச் சத்தத்துக்கு நடுவே ஒருமுறை ஏதோ எண் கேட்ட மாதிரி இருந்தது. பிறகு ஓர் இடைவெளி. அதே எண் மறுபடியும் கேட்டது. அவன் திருப்பிச் சொல்லவில்லை.

மழை விட்டபின் போய்ப் பார்த்தபோது மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஏணியின் பாதி வரை பழுப்புத் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. ஒரு தடவை கூப்பிட்டான். ஒரே தடவை. அண்ணன் ஏறி வந்து, இவனைக் காணாமல் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தான். அப்படி நினைக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். மூடியைத் திறந்து விட்டுப் போகக் கூடாது என்பது விதி. விதிப்படி மூடினான்.

மறுநாள் அண்ணனைத் தேடிக்கொண்டு அண்ணி வந்து நின்றாள். மேலதிகாரி படிவத்தை எடுத்துப் பார்த்தார். "நாலு பத்துக்கு வெளிய வந்திருக்கானேம்மா. இதோ எழுதியிருக்கு." பிறகு இவனைப் பார்த்தார். "ஏம்ப்பா, வந்தான்தானே?"

"வந்துட்டாரு சார். நாலு பத்துக்கே வந்துட்டாரு. போய்ட்டு வரேன்னு சொன்னாரு."

தடங்கல் இல்லாமல் வந்தது அந்தப் பதில். இன்றைக்கும் நடு ராத்திரியில் அவனைக் கூச வைப்பது அந்தத் தடங்கலின்மைதான். எழுதியது பொய்யென்றால் வேலை போகும் என்பது மட்டுமே அந்த நொடியில் அவன் மனசில் இருந்தது. அண்ணி இருக்கவில்லை, அண்ணன் இருக்கவில்லை.

வெளியே வந்தவர் வீட்டுக்கு வரவில்லையென்றால் ஓடிப்போனவர் என்றுதானே அர்த்தம். யாரோடு என்று ஊரே கதை கட்டியது. அவர் பெண்ணுக்கு வந்த சம்பந்தம், 'ஓடிப்போனவன் பொண்ணா' என்று திரும்பிப் போனது. ஒருநாள் அவன் போய் அவர்கள் வாசலில் நின்றபோது அண்ணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீ ஒருத்தன்தான் தம்பி அவரைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசல."

அந்தத் தண்ணீரை அவன் குடித்தான்.

அடுத்த வருஷம் அந்தத் தொட்டியின் ஆய்வைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். தொட்டியைத் திறக்கவில்லை. கடைசியாக அவன் தெளிவாகக் கேட்ட, அண்ணனின் மூன்றாவது அளவு பதினாலு. அதையே எழுதினான். ஒவ்வொரு வருஷமும் அதையே எழுதினான். கூட வந்ததாக யாராவது ஒரு சகாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்வான். எதற்கென்று கேட்காமலே போட்டுக் கொடுப்பார்கள்.

*

காலையில் சாப்பிடும்போது அவன் மனைவி கேட்டாள். "ரெண்டு வாரமாத் தூக்கத்துல என்னங்க எண்ணிக்கிட்டே இருக்கீங்க?"

"எண்றேனா?"

"எண்றதுன்னும் சொல்ல முடியல. ஒரு நம்பர் சொல்றீங்க. சும்மா இருக்கீங்க. அப்புறம் இன்னொண்ணு. யாரோ சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ற மாதிரி." கொஞ்சம் தயங்கினாள். "நேத்து உங்க தலையணை ஒரு பக்கம் நனைஞ்சிருந்துச்சு. வேர்வைன்னு பார்த்தா, சேத்து வாடை."

அவன் எழுந்து கை கழுவினான். பையில் அந்தத் தொட்டியின் படிவங்கள் இருந்தன. யார் கண்ணிலும் படாமல் முந்தின நாள் மாலை எடுத்து வந்திருந்தான். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு விரித்தான்.

பதினாலு என்று எங்கும் இல்லை. முதல் தாளில் பதினேழு. அடுத்ததில் இருபது. இருபத்திரண்டு. இருபத்தைந்து. ஒவ்வொரு வருஷமும் வண்டல் எப்படி ஏறவேண்டுமோ அப்படியே, நல்ல ஆய்வாளன் ஒருவன் ஐந்து இடத்திலும் ஊன்றிப் பார்த்து எழுதிய மாதிரி ஏறிக்கொண்டே போனது. எல்லாம் அவன் கையெழுத்து. நாலு எழுதும்போது வால் நீளும் அவன் கையெழுத்து. ஒவ்வொரு தாளிலும் இறங்கிய நேரம் 3.20. வெளியே வந்த நேரம் ஈரமாக, வெள்ளையாக இருந்தது.

*

முப்பத்தொன்றாம் தொட்டிக்கு மேல் ஆறு வருஷமாகக் கார் நிறுத்துமிடம் நடக்கிறது. கோடு கிழித்த சிமெண்டுத் தரை. ஓர் ஓரத்தில் இரும்பு மூடி, கீல் வைத்தது. மறு ஓரத்தில் டிக்கெட் கொடுக்கும் கூண்டு. கூண்டுக்குள் அண்ணி.

அந்த வேலைக்கு அவளை யாரும் அனுப்பவில்லை. புருஷன் தானாகவே ஓடிப்போயிருந்தாலும், கடைசியாக அவர் கால் பட்ட இடம் அது என்று தேடி வந்து கேட்டு வாங்கிக்கொண்டாள். அவன் அந்தப் பக்கம் வண்டி நிறுத்துவதே இல்லை.

"வா தம்பி. தலை நரைச்சிடுச்சே உனக்கு." அவள் முகம் மலர்ந்தது. பிறகு பொறியாளரைப் பார்த்தாள். "அம்மா, நீங்கதான் பெரியவங்களா? இந்தக் குழாயை என்னன்னு பாக்கச் சொல்லுங்க. மூணு தடவை எழுதிக் குடுத்துட்டேன்."

கூண்டை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு குழாய், மேல் முனை வளைந்து நின்றது.

"காத்துக்குழாய்ம்மா அது. தண்ணி உள்ள வரப்ப உள்ள இருக்கற காத்து வெளிய போகணும்ல. இல்லன்னா மூடியைத் தூக்கிடும்" என்றாள் பொறியாளர் ஆசையாக. "உள்ள பேசினா இதுல கேக்கும் தெரியுமா? சத்தம் கூரையோடவே ஓடி வந்து இது வழியா ஏறிடும். உங்க பக்கத்துல நின்னு பேசற மாதிரியே இருக்கும்."

"அதான் சொல்றேன். மழை வந்தா யாரோ எண்றாங்க."

"காத்தும்மா."

"காத்து நிறுத்தி நிறுத்தி எண்ணுமா?" என்றாள் அண்ணி. "ஒரு நம்பர் சொல்லும். பதிலுக்குக் காத்திருக்கற மாதிரி சும்மா இருக்கும். பாவமா இருக்கும்மா கேக்க."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சிமெண்டுக்குக் கீழே ஒரு முழம் தள்ளி அந்த இருட்டு இருந்தது. அவள் நாற்காலி அதற்கு மேல்தான் போட்டிருந்தது. ஆறு வருஷமாக.

மேகம் சேர்ந்துகொண்டிருந்தது. மூடியைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்தார்கள். உள்ளிருந்து வந்த காற்று குளிர்ந்து, ஊறிய சாக்குக்கட்டியும் பழைய இலையும் கலந்து மணத்தது. வாயு மீட்டர் பச்சையில் நின்றது. பொறியாளர் இறங்கத் தயாரானாள்.

உள்ளே என்ன இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதை முதலில் பார்ப்பது அவளாக இருக்கக் கூடாது. அண்ணி பத்தடி தள்ளி இருக்கும்போது இருக்கவே கூடாது.

"மேடம், நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணி கால்வாயில விழற வெளித்துளையைப் பார்த்துட்டு வந்துடுங்க. அதுவரைக்கும் நான் மேலேயே நிக்கறேன். இறங்க மாட்டேன்."

"தனியா இறங்கக் கூடாது சார், தெரியும்ல?"

"எனக்கா தெரியாது?"

அவள் சிரித்துக்கொண்டே போனாள். போகிறபோது, "அம்மா, இந்த மூடியைக் கொஞ்சம் பாத்துக்கங்க. மழை வந்தா திறந்து வெக்காதீங்க, வண்டி ஏதாவது விழுந்துடும்" என்றாள். அண்ணி குடையை எடுத்து வைத்துக்கொண்டாள். யாரோ டிக்கெட் கேட்டு ஹாரன் அடிக்க, கூண்டுப் பக்கம் திரும்பினாள்.

அவன் டார்ச்சைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். மணி மூன்று இருபது. அதை அவன் திட்டமிடவில்லை.

நாலாவது படியில் போன் அடித்தது. பொறியாளர்.

"சார், வெளித்துளை முழுசா அடைச்சிருக்கு. சொட்டுத் தண்ணி வரல. மழை வந்தா உள்ள வர்றது உள்ளயேதான் நிக்கும். இறங்கிடாதீங்க, வரேன்."

"இறங்கல மேடம்" என்றான்.

குரல் தடங்கலில்லாமல் வந்தது.

கீழே போகப் போக ரோட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஹாரன், பிறகு மனிதப் பேச்சு, பிறகு காற்று. மிஞ்சியது எங்கோ ஒரு மூலையில் ஒரே சீராகச் சொட்டும் தண்ணீரும், அது ஒவ்வொரு சுவராகத் தட்டித் திரும்பி வரும் எதிரொலியும், அவன் மூச்சும்தான். டார்ச் வெளிச்சம் தொட்டியின் அந்தப் பக்கச் சுவரை எட்டவில்லை. தூண்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, மங்கிக்கொண்டே.

பதினோரு வருஷமாக அவன் கண்ணை மூடினால் தெரிந்த காட்சி அங்கே இல்லை. எலும்பு இல்லை. துணி இல்லை. மாதக் கணக்கில் மழையில்லாமல் தண்ணீர் வற்றியிருக்க, வண்டல் இஸ்திரி போட்ட மாதிரி மழமழவென்று கிடந்தது. ஒரு நொடி அவனுக்கு அழுகை முட்டியது. போயிருக்கிறார். நிஜமாகவே ஏறிப் போயிருக்கிறார். ஓடித்தான் போயிருக்கிறார் மனுஷன்.

வெளிச்சத்தைத் தாழ்த்தினான்.

வண்டலில் கால் தடங்கள் இருந்தன. பெரிய பூட்ஸ். கப்பல் மாதிரி. விளிம்பு உடையாமல், இப்போதுதான் பதிந்த மாதிரி. ஏணியடியிலிருந்து முதல் இடத்துக்குப் போயிருந்தன. அங்கே குச்சி ஊன்றிய துளை. அங்கிருந்து இரண்டாவது இடம். மூன்றாவது. நாலு. ஐந்து. வேலை தெரிந்த ஆள். ஓர் இடம் விடவில்லை. பிறகு திரும்பி, நேராக, ஏணியடிக்கு.

ஏணியடியில் இரண்டு பாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஆழமாக அழுந்தியிருந்தன. யாரோ ரொம்ப நேரம் அங்கேயே நின்று மேலே அண்ணாந்து பார்த்த மாதிரி.

அவன் கால்கள் இப்போது அவற்றுக்குள் இருந்தன.

சுவரில் சாக்குக்கட்டி எழுத்து. வரிசை வரிசையாக. தேதி, ஐந்து அளவுகள், 3.20, அப்புறம் ஒரு காலி இடம். அடுத்த வரிசை. அடுத்தது. அவன் செய்யாமல் ஆபீஸில் உட்கார்ந்து எழுதிய ஒவ்வோர் ஆய்வும் இங்கே நடந்திருந்தது. அவன் கையெழுத்திலேயே.

மேலே இடி முழங்கியது. சதுர வெளிச்சம் சாம்பலானது. முதல் துளி நெற்றியில் விழுந்தது.

எங்கோ, தூண்களுக்கு அப்பால், சேற்றில் ஒரு கால் பிடுங்கிக்கொள்ளும் சத்தம்.

இன்னொரு கால்.

டார்ச்சைத் திருப்பினான். தூண். தூண். தூண். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒல்லியாக இருந்தது.

"தம்பி." அண்ணியின் குரல், மூடியருகே. "மழை வந்துடுச்சு. மூடணும்னு சொன்னாங்களே அந்தப் பொண்ணு. எங்க இருக்க நீ? உள்ள இல்லையே?"

ஏணியைப் பற்றினான். ஏறவேண்டும். அதற்கு முன் சொல்லிவிட வேண்டும். இங்கேயே. இப்போதே. அண்ணி, அவர் வரவே இல்லை. நான்தான் மூடினேன். அவர் ஓடிப்போகல. பதினோரு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது அத்தனையும் ஏறி நாக்கு நுனிக்கு வந்து நின்றது. மூச்சை இழுத்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால், காதோரம், அவன் குரல் பேசியது. இப்போதைய குரல் அல்ல. பதினோரு வருஷம் இளைய குரல். தடங்கலே இல்லாதது.

"வந்துட்டேன் அண்ணி. நாலு பத்துக்கே வந்துட்டேன். மூடிடுங்க."

சத்தம் கூரையோடு ஓடியது. குழாயில் ஏறியது. மேலே அண்ணியின் காலடி கூண்டுப் பக்கம் திரும்பியது.

"அங்கயா இருக்க? சரி தம்பி" என்றாள், அந்தப் பக்கம் பார்த்து. அந்தக் குரலை அவள் நம்பினாள். எப்போதும் நம்பியவள்தான்.

அவன் கத்தினான். அதே நொடியில் உள்வரும் குழாய் வாயைத் திறந்தது. ரோட்டின் மழை முழுவதும் ஒரே இரைச்சலாகக் கொட்டியது. தன் கத்தல் தன் காதிலேயே விழவில்லை. முட்டுக் கம்பி எடுபடும் உரசல். சதுரம் கோடானது.

கோடும் போனது.

டார்ச் மட்டும். அதன் வட்டத்துக்குள் சுவர். கடைசி வரிசையில் இன்றைய தேதி. 3.20. பக்கத்தில் காலி இடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கே வெள்ளையாக ஒரு நாலு முளைத்தது. வால் நீண்ட நாலு. பிறகு ஒன்று. பிறகு பூஜ்யம். எழுதும் கை தெரியவில்லை. ஈரச் சாக்குக்கட்டியின் கிறீச்சல் மட்டும்.

தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது.

மிக அருகில் குச்சி சேற்றில் இறங்கும் சத்தம். மெதுவாக. அடிவரை. நிதானமாகப் பார்த்து அளக்கிற கை.

"எழுதிக்கோ தம்பி" என்றார் நெட்டையண்ணன். "முப்பத்தெட்டு."

பிறகு அமைதி. அந்த அமைதியை அவனுக்குத் தெரியும். அது பதிலுக்குக் காத்திருந்தது. அவசரமில்லாமல், கோபமில்லாமல், மேலே ஓர் ஆள் இருக்கிறான் என்ற நம்பிக்கையோடு காத்திருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. இன்னும் காத்திருந்தது.

"முப்பத்தெட்டு" என்றான் அவன்.

குச்சி அடுத்த இடத்துக்கு நகர்ந்தது.